அட்வான்ஸ் பணம் எங்கே போகிறது? தண்டையார்பேட்டை வாடகை வீட்டில் ஐந்து வருடம்

குட்டி யானையில் பீரோவையும் கட்டிலையும் ஏற்றிக் கயிறு கட்டியாகிவிட்டது. மாமியார் முன்சீட்டில் சாமி படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சாவியை எடுத்துக்கொண்டு கீழே ஓனர் வீட்டுக்குப் போனேன். 2021 மார்ச் 31, புதன்கிழமை. பழைய டைரி ஒன்றின் கடைசிப் பக்கத்தில் ஓனர் ஐயா பென்சிலால் கணக்குப் போட்டு வைத்திருந்தார். பெயிண்ட் 9,000. பாத்ரூம் கதவு 4,500. தரை டைல்ஸ் விரிசல் 6,000. சாக்கடை அடைப்பு 3,000. கரண்ட் பாக்கி 2,300. லாரித் தண்ணீர் பங்கு 1,800. எல்லாம் சேர்த்து 26,600. நாங்கள் கொடுத்திருந்த அட்வான்ஸ் 75,000. மீதி 48,400.

சரி, அதையாவது கையில் கொடுப்பார் என்று நின்றேன். "வூட்டப் பாக்க ஆளு வந்துனே இருக்காங்கம்மா. புது ஆளு அட்வான்ஸ் குடுத்ததும் மொத போன் உனக்குத்தான். துட்டு எங்கம்மா ஓடிடப் போவுது?" என்றார். வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பணம் கைக்கு வராமல் சாவியைக் கொடுத்திருக்கக் கூடாது. அன்றைக்கு அது தோன்றவில்லை. வீட்டைக் காலி செய்கிற நாளில் யாருக்கும் எதுவும் தோன்றாது. பால் காய்ச்ச நல்ல நேரம் போய்விடுமே என்பது ஒன்றுதான் மனதில் ஓடும்.

நான் வட சென்னையில், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கணவர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். 2016 ஏப்ரலில் அந்த வீட்டுக்குக் குடி போனோம். டி.எச். ரோட்டிலிருந்து, அதாவது திருவொற்றியூர் ஹை ரோட்டிலிருந்து, இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஒரு போர்ஷன். ஹால், ஒரு ரூம், சமையல்கட்டு. வாடகை 7,500. அட்வான்ஸ் பத்து மாதம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. 20 ரூபாய் பத்திரத்தில் பதினோரு மாத அக்ரிமென்ட் என்று ஒன்று எழுதினோம். வாடகை, அட்வான்ஸ், தேதி, இரண்டு கையெழுத்து, அவ்வளவுதான். பதினோரு மாதம் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னைக்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் கணக்கு எழுதுகிறவளாக உட்கார்ந்து யோசித்தபோதுதான் அது என்ன என்று புரிந்தது. அது வட்டியில்லாக் கடன். 75,000 ரூபாயை வங்கியில் 6 சதவீதத்துக்குப் போட்டிருந்தால்கூட வருடத்துக்கு 4,500 வந்திருக்கும். மாதத்துக்கு 375. ஆகவே எங்கள் உண்மையான வாடகை 7,500 இல்லை, 7,875. அந்தப் பணத்தைக் கடன் வாங்கித்தான் கொடுத்தோம் என்பதையும் சேர்த்தால் இன்னும் கூடும். இதை எந்த வீட்டுக்காரரும் சொல்லி நாம் கேட்டிருக்க மாட்டோம். ஏனென்றால் அவரும் அதை வருமானமாக நினைப்பதில்லை. வந்ததும் செலவழித்துவிடுவார்.

எங்கள் ஓனரும் அப்படித்தான். கெட்டவர் என்று சொல்ல மனம் வரவில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் மாடியில் இரண்டு போர்ஷன் கட்டினார். அதற்குப் போதாமல் வாங்கிய கடனை எங்கள் அட்வான்ஸை வைத்து அடைத்தார். எங்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் எங்கள் பணத்திலிருந்துதான் திருப்பிக் கொடுத்தார் என்பது பின்னால் தெரிந்தது. எங்களுக்குத் திருப்பித் தர, எங்களுக்கு அடுத்து ஒருவர் வர வேண்டும். அவருக்கு அடுத்து இன்னொருவர். யாராவது ஒருவர் வராமல் போனால் முந்தையவர் பணம் நின்றுவிடும். 2021 மே மாதம் ஊரடங்கு வந்தது. வீடு பார்க்க யாரும் வரவில்லை. எங்கள் பணம் நின்றது.

அதற்கிடையில் கொருக்குப்பேட்டையில் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டியிருந்தது. தாலிச் சங்கிலி தவிர மற்றதை அடகுக் கடையில் வைத்து 50,000 வாங்கினேன். மாதம் இரண்டு வட்டி. அதாவது மாதா மாதம் 1,000 ரூபாய் வட்டி. என் சொந்தப் பணம் ஒருவரிடம் சும்மா கிடக்க, நான் இன்னொருவருக்கு வட்டி கட்டினேன். ஆறு மாதம்.

முதலில் எனக்குத் தோன்றியது நுகர்வோர் ஆணையம்தான். எங்கள் கடையில் சாயம் போன புடவை என்று ஒருவர் திரும்பக் கொண்டுவந்தால் பில்லைப் பார்த்து மாற்றிக் கொடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஆணையத்துக்குப் போவேன் என்பார்கள், போகவும் செய்வார்கள். 300 ரூபாய்ப் புடவைக்கு அத்தனை பாதுகாப்பு இருக்கும்போது, வாடகை ஏறிக் கடைசியில் மாதம் 9,000 ரூபாய் கொடுத்த வீட்டுக்கு இருக்காதா என்று நினைத்தேன். கடைக்கு வரும் வக்கீல் அம்மா ஒருவரிடம் கேட்டேன். "நீ கன்ஸ்யூமர் இல்லம்மா" என்றார். வீட்டை வாடகைக்கு விடுவது மட்டுமே சேவை ஆகாது, வாடகைத் தகராறு நுகர்வோர் தகராறு ஆகாது என்பது உச்ச நீதிமன்றம்வரை போய் முடிவான விஷயமாம். கமிஷன் வாங்கிக்கொண்டு ஏமாற்றிய புரோக்கர்மீது வேண்டுமானால் சேவைக் குறைபாடு என்று போகலாம், வீட்டுக்காரர்மீது முடியாது. அன்றைக்கு எனக்கு அது அநியாயமாகப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது. ஒரு குடும்பம் மாதா மாதம் செய்கிற செலவில் ஆகப் பெரியது வாடகை. அதற்கு மட்டும் பில் கிடையாது, எடை அளவு கிடையாது. ஐந்நூறு சதுர அடி என்று சொல்லி விட்ட வீட்டை யாரும் டேப் வைத்து அளந்து பார்த்ததில்லை.

வேறு ஒரு சட்டம் இருக்கிறது என்று அந்த அம்மாதான் சொன்னார். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் பற்றி 2017-இல் தமிழ்நாடு இயற்றிய சட்டம். நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22. அதுவரை இருந்த 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு போய்விட்டது. பழைய சட்டத்தில் 'நியாய வாடகை' என்று ஒரு சொல் இருந்தது. கட்டிடத்தின் மதிப்பைக் கணக்கிட்டு, குடியிருப்பு என்றால் ஆண்டுக்கு அதில் 9 சதவீதம் என்று வாடகையை நிர்ணயிக்கச் சொல்லிக் கேட்கலாம். அது குடித்தனக்காரருக்கு மட்டும் சாதகமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். வாடகை ஏறாமல் போன வீட்டுக்காரர்களும் அதே முறையீட்டோடு போயிருக்கிறார்கள். ஆனால் வாடகைக்கு நியாயம் என்று ஒன்று உண்டு, அதைக் கட்சிக்காரர் இருவருக்கும் வெளியே நின்று ஒருவர் சொல்ல முடியும் என்ற எண்ணம் அந்தச் சட்டத்தில் இருந்தது. புதுச் சட்டத்தில் இருவரும் ஒப்புக்கொண்டதுதான் வாடகை.

ஒப்புக்கொண்டது என்கிறார்கள். வீட்டைத் தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும் அது எப்படிப்பட்ட ஒப்புதல் என்று. எத்தனை பேர், எந்த ஊர், என்ன ஆளுங்க, கவிச்சி சமைப்பீர்களா என்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்த பிறகு வருகிற ஒப்புதல். பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அவர் வீடு இரண்டு மாதம் காலியாக இருந்தால் இரண்டு மாத வாடகை நஷ்டம். நாங்கள் இரண்டு நாள் வீடில்லாமல் இருக்க முடியாது.

என் மாமனார் துறைமுகத் தொழிற்சங்கத்தில் இருந்தவர். வீடு சரக்காக இருக்கிறவரை இது இப்படித்தான் இருக்கும், முதலாளித்துவத்தில் வேறு எதை எதிர்பார்க்கிறாய் என்பார். நான் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். சரக்காகவே இருக்கட்டும், சரக்குக்கு உள்ள மரியாதையையாவது கொடுக்கட்டுமே என்பதுதான் என் கட்சி. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி என்று பிறகு பட்டது. 2021 பிப்ரவரி 14-ஆம் தேதி வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. நான்கு வருடத்துக்கு மேல் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தபோது புழுதியைத் தின்றது நாங்கள் எல்லோரும்தான். ரயில் ஓடிய இரண்டாவது வாரம் ஓனர் மாடி ஏறி வந்தார். அடுத்த மாதத்திலிருந்து 12,000 என்றார். அப்போது 9,000 கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்த ரயிலைக் கட்டியது மக்கள் பணம். எங்கள் வரியும் அதில் இருக்கிறது, அவர் வரியும் இருக்கிறது. வீட்டில் ஒரு செங்கல்கூடப் புதிதாக வைக்கவில்லை. ஆனால் ரயில் வந்ததால் ஏறிய மதிப்பு முழுதும் நிலம் வைத்திருப்பவருக்கு, அதை மாதா மாதம் கட்ட வேண்டியது குடித்தனக்காரர். நாங்கள் காலி செய்தது அதனால்தான்.

கரண்ட் கதையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வட சென்னையில் பாதிக் குடித்தனங்களின் பணம் கசிவது இந்த ஓட்டையில்தான். மூன்று குடித்தனத்துக்கும் ஒரே இணைப்பு. எங்களுக்கு சப் மீட்டர். யூனிட்டுக்கு 8 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓடினால் 1,440 கொடுப்போம். வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016-லிருந்து இருக்கிறது. எங்களுக்கென்று தனி இணைப்பு இருந்திருந்தால், அன்றைய கட்டணத்தில் அதே 180 யூனிட்டுக்கு 150 ரூபாய்கூட ஆகியிருக்காது. ஓனர் முழுவதையும் சுருட்டினார் என்றும் சொல்ல முடியாது. மூன்று வீடும் ஒரே மீட்டரில் ஓடுவதால் 500 யூனிட்டைத் தாண்டி, மேல் அடுக்குக் கட்டணம் விழும். 600 யூனிட்டுக்கு அவர் வாரியத்துக்குக் கட்டியது ஏறத்தாழ 2,440. மூன்று வீட்டுக்கும் 8 ரூபாய் வீதம் போட்டால் 4,800. பாதி அவருக்கு. மீதியில் பெரும்பகுதி, தனி இணைப்பு இல்லாததால் மூன்று குடும்பமும் இழந்த சலுகை. வீடு பார்க்கும்போது மீட்டர் பெட்டியைப் பாருங்கள். தனி இணைப்பு உள்ள வீட்டுக்கு மாதம் 500 ரூபாய் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். 2019 கோடையில் புழல் ஏரியே வறண்டுபோனது. தெருவில் அடி பம்பில் காற்றுதான் வந்தது. அதற்கு ஓனர் என்ன செய்வார். ஆனால் லாரித் தண்ணீரைக் கீழ்த் தொட்டியில் நிரப்பிவிட்டு மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, காலையில் பத்து நிமிடம்தான் என்றபோது, கைக்குழந்தை வைத்திருந்த பக்கத்து போர்ஷன் அக்கா அழுதார். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியச் சேவையை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம் என்று சட்டம் வந்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. எங்கள் தெருவில் ஒருவருக்கும் அது தெரியாது.

அந்த வாடகை அதிகாரி என்பவர் மாவட்ட ஆட்சியர் நியமிக்கும் அதிகாரி, துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். அவரிடம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு இணையதளமும் இருக்கிறது. வக்கீல் அம்மா என் 20 ரூபாய்ப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பதினோரு மாதம் முடிந்து நான்கு வருடம் ஆகிறது. பதிவும் இல்லை. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் இருப்பதே குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாக அந்தச் சட்டத்தில் இருக்கிறது என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுதிக் கொடுக்க மறுப்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரர், எழுதாததற்காக வெளியே போக வேண்டியவர் குடித்தனக்காரர். ஆகையால் இதைப் படிக்கிற யாரானாலும், "நமக்குள்ள எதுக்கும்மா பேப்பர்" என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், எழுதி வாங்குங்கள், பதிவு செய்யுங்கள்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர என்று ஒரு வாசகம் அதில் இருக்கிறது. சென்னையில் இன்னும் பத்து மாதம், ஆறு மாதம் என்று நடப்பதற்கு அந்த வாசகம் வழி விடுகிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் இருக்கிறது. எனக்கு ஐந்து மாதம் ஆகியும் வரவில்லை.

பெயிண்ட் விஷயம்தான் எனக்கு மிகவும் உதவியது. சட்டத்தின் பின்னால் ஒரு அட்டவணை இருக்கிறது. யார் எந்த ரிப்பேரைச் செய்ய வேண்டும் என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர். பைப் வாஷர், சுவிட்ச், பூட்டு, கைப்பிடி, சாக்கடை அடைப்பு எடுப்பது எல்லாம் குடித்தனக்காரர். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயிண்டுக்கு என்று பிடிப்பதை நாங்கள் எல்லோரும் ஏதோ அரசாங்க உத்தரவு போல ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அது வெறும் வழக்கம். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தால், கையெழுத்துப் போடும் முன்பே அதை எடுக்கச் சொல்லுங்கள்.

நான் செய்தது இதுதான். ஓனருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கோபமாக எதுவும் இல்லை. எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தோம், எப்போது காலி செய்தோம், எந்தக் கழிவை ஏற்கிறோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று வரிசையாக. ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. பிறகு உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே இலவச சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். வழக்குப் போடுவதற்கு முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேச வைக்கிறார்கள்.

எதிரெதிரே உட்கார்ந்தபோது ஓனர் ஐயா என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பொங்கலுக்கு அவர் வீட்டுக் கரும்பு எங்கள் வீட்டுக்கு வரும். ஆனால் என்னிடம் காகிதம் இருந்தது. 2016-இல் குடி வந்த அன்று எடுத்த போட்டோ ஒன்றில், பால் பொங்கும் அடுப்புக்குப் பின்னால், பாத்ரூம் கதவின் அடிப்பாகம் அப்போதே உளுத்துப்போயிருந்தது தெரிந்தது. தற்செயலாக விழுந்த போட்டோ அது. இப்போது வேண்டுமென்றே எடுக்கிறேன், ஒவ்வொரு சுவரையும், ஒவ்வொரு குழாயையும், மீட்டர் எண்ணையும், தேதியோடு, எடுத்த அன்றே ஓனருக்கும் அனுப்பிவிடுகிறேன். வாடகையை ஆரம்பத்திலிருந்தே பெரும்பாலும் வங்கி வழியாக அனுப்பியிருந்தேன், அதுவும் கைகொடுத்தது. பெயிண்டும் கதவும் கணக்கிலிருந்து போயின. சாக்கடை மூன்று வீட்டுக்கும் பொது என்பதால் என் பங்கு 1,000. டைல்ஸில் அம்மி நழுவி விழுந்தது உண்மை, அதைச் சொல்லிவிட்டேன், 3,000 ஏற்றுக்கொண்டேன். கரண்ட், தண்ணீர் பாக்கி முழுவதும். ஆக 8,100 போக 66,900. அன்றைக்கு 30,000, செப்டம்பர் கடைசியில் 36,900 என்று எழுதிக் கையெழுத்தானது. இரண்டும் வந்தன. வட்டிக்குப் போன 6,000 போனதுதான்.

பலர் கேட்கிறார்கள், கடைசி சில மாத வாடகையைக் கொடுக்காமல் அட்வான்ஸிலேயே கழித்துக்கொண்டால் என்ன என்று. காலி செய்வதை முன்கூட்டியே சொல்லி, ஓனர் சம்மதித்து, அது வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. சம்மதம் இல்லாமல் செய்யாதீர்கள். இரண்டு மாத பாக்கி விழுந்து, கேட்டும் கொடுக்கவில்லை என்றால் காலி செய்யச் சொல்ல அதுவே போதும்.

கொருக்குப்பேட்டை வீட்டில் ஐந்து மாத அட்வான்ஸுக்குப் பேசி முடித்தோம். பதிவு செய்தோம். ஓனர் அம்மா முதலில் பயந்தார், வரி ஏதாவது வந்துவிடுமோ என்று. பதிவு எண் கைக்கு வந்த பிறகு அவருக்கும் ஒரு நிம்மதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அரசு கொடுத்த 6,000 ரூபாய் ரேஷன் அட்டைக்குத்தான் என்றபோது, பழைய விலாசத்திலேயே அட்டையை விட்டுவைத்திருந்த குடித்தனக்காரர்கள் எவ்வளவு அலைந்தார்கள் என்று பார்த்தேன். வீடு மாறிய மாதமே அட்டையை மாற்றிவிடுங்கள், பதிவான ஒப்பந்தம் அதற்கும் கைகொடுக்கும். ஊறிப்போன வயரிங்கை யார் சரி செய்வது என்று ஓனர் அம்மாவும் நானும் பேச வேண்டிய அவசியமே வரவில்லை. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது.

2021-இல் இரண்டாவது தவணை வந்த அந்த வாரம் தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் பக்கத்து போர்ஷன் அக்காவைப் பார்த்தேன். கூட ஒரு சின்னப் பெண், இடுப்பில் குழந்தை. எங்கள் பழைய வீட்டுக்குப் புதிதாக வந்தவள். வாடகை 12,000, பத்து மாத அட்வான்ஸ். 1,20,000 கொடுத்து ஐந்து நாள்தான் ஆகிறது. "அந்த வீடு எப்பிடிக்கா?" என்று கேட்டாள். காற்று நன்றாக வரும், மாடியில் துணி காயப்போட இடம் இருக்கிறது என்று சொன்னேன். அப்புறம் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, எனக்கு வந்த 36,900 அவள் கொடுத்த பணத்திலிருந்துதான் வந்தது என்பதையும் சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. நான் திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள். பாத்ரூம் கதவை மாற்றிவிட்டாரா என்று கேட்டேன். இல்லை, அடியில் தகரம் அடித்திருக்கிறது என்றாள். இன்றைக்கே போட்டோ எடு, எனக்கும் ஒன்று அனுப்பு என்றேன்.

ராத்திரி பதினொரு மணிக்குப் பதினேழு போட்டோ வந்தது. கதவு, டைல்ஸ், சமையல்கட்டுக் குழாய், சப் மீட்டர்.